போல்ட்டுக்குப் பேப்பர் உண்டு, பாட்டிலுக்கு இல்லை

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், இது கோபத்தில் எழுதுகிற பதிவு. ஹாஸ்டல் மெஸ் காமெடி எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். விமானப் பராமரிப்பு படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். மெக்கானிக் ஷெட், பெயிண்ட் பட்டறை, பிரிண்டிங் பிரஸ் என்று எங்கேயாவது தின்னர் வாசனையில் நின்றிருந்தால் இது உங்கள் கதையும்தான்.

பயிற்சிக்காக ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியின் ஹேங்கருக்குப் போயிருந்தேன். ஊர், பேர் வேண்டாம். எல்லாம் செஸ்னா 172 விமானங்கள். முதல் நாள் என்னை ஸ்டோர்ஸுக்கு அனுப்பி ஒரு போல்ட் வாங்கி வரச் சொன்னார்கள். விரல் நீளம்கூட இல்லாத போல்ட். அதற்குப் பார்ட் நம்பர், பேட்ச் நம்பர், சான்றிதழ் நகல், ரெஜிஸ்டரில் கையெழுத்து. "பேப்பர் இல்லாத போல்ட் வெறும் இரும்புத் துண்டு தம்பி, விமானத்துல ஏறாது" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதுதான்டா நம்ம தொழில் என்று அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இரண்டாம் நாள் ஹேங்கரின் பின்மூலைக்கு அனுப்பினார்கள். அங்கே பாதியாக வெட்டிய ஒரு எண்ணெய் கேன், அதற்குள் சக்கர பேரிங்குகள் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வரிசையாக மூன்று தண்ணி பாட்டில். மூன்றிலும் நிறமில்லாத திரவம். ஒன்று எம்.ஈ.கே., அதாவது மெத்தில் எதில் கீட்டோன். ஒன்று தின்னர். ஒன்று ஸ்பிரிட். எது எது என்று எதிலும் எழுதியில்லை. கேட்டேன். "மோந்து பாரு, தெரியும்" என்று பதில் வந்தது.

முதல் நாள் பார்த்த அதே ஹேங்கர்தான் இது. அதே ஆட்கள்தான்.

மூன்று வாரம் கழித்து நடந்தது இது. என்னோடு வந்த வகுப்புத் தோழனிடம் விண்ட்ஷீல்டு ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் பசையை எடுக்கச் சொன்னார்கள். "ஸ்பிரிட் பாட்டில எடுத்துத் துடை." அவன் எடுத்தது தின்னர் பாட்டில். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் பால் மாதிரி மங்கி, உள்ளே முடி முடியாகக் கீறல் ஓடியது. செஸ்னாவின் விண்ட்ஷீல்டு கண்ணாடி இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் விசாரணை. நாலு பேர் வந்து விண்ட்ஷீல்டைத் தடவிப் பார்த்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். விமானத்தை நிறுத்தி வைத்தார்கள். அறிக்கையில் அவன் பெயர் ஏறியது. அந்த மூன்று வாரமும் அவன்தான் வெறும் கையால் பேரிங்கும் பிரேக் பாகங்களும் கழுவியவன். விரல் முனையெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. சாயங்காலம் ஆனால் கை மரத்துப் போகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். விசாரணைக்கு வந்த நாலு பேரில் ஒருவர்கூட அவன் கையைப் பார்க்கவில்லை.

என் கோபம் அதற்குத்தான். ஆனால் கோபம் மட்டும் போதாது என்பதால் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றே ஒன்று. விமானத்தைக் காப்பாற்றும் காகிதமும் மனிதனின் கையைக் காப்பாற்றும் காகிதமும் ஒரே காகிதம். போல்ட்டுக்கு அதைக் கேட்கிற நாம் பாட்டிலுக்குக் கேட்பதில்லை.

முதலில் விதி. நாம் பரீட்சைக்கு உருப்போடுகிற சி.ஏ.ஆர். 145-இல் 145.ஏ.42 என்று ஒரு பிரிவு உண்டு. உதிரி பாகங்களைப் பற்றியது என்று நினைத்துத் தாண்டிவிடுகிறோம். பராமரிப்பில் செலவாகிற பொருட்களும் அதில் அடக்கம். அந்தப் பொருள் குறிப்பிட்ட தரத்துக்கு உட்பட்டது என்ற சான்று வேண்டும், தயாரித்தவர் யார், விற்றவர் யார் என்று தெரிய வேண்டும். கரைப்பானும் செலவாகிற பொருள்தான். அப்படியானால் பேர் எழுதாத தண்ணி பாட்டில், விதிப்படி, பேப்பர் இல்லாத போல்ட்டேதான்.

அடுத்தது விமானம். செஸ்னா கையேட்டில் விண்ட்ஷீல்டில் எதெல்லாம் படக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெட்ரோல், அசிட்டோன், தின்னர், வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம். ஆல்கஹாலும் அதில் உண்டு. கவனியுங்கள், ஆல்கஹால் என்றால் ஸ்பிரிட்தான். என் தோழன் "சரியான" பாட்டிலை எடுத்திருந்தாலும் தப்புதான் நடந்திருக்கும்! உத்தரவே தப்பு. அறிக்கையில் ஏறியதோ அவன் பெயர் மட்டும்.

இது விண்ட்ஷீல்டோடு முடிவதில்லை. செஸ்னா பிரேக்கில் ஓடும் சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் சீல்கள் போட்டிருக்கும். எம்.ஈ.கே. பட்டால் அந்த ரப்பர் ஊதும். பெயிண்ட் உரிக்கும் கெமிக்கல் ஃபைபர் பாகத்தில் பட்டால் பெயிண்டோடு சேர்த்து ரெசினையும் தின்னும். என்ஜின் கழுவும்போது மேக்னெட்டோ, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டரில் கரைப்பான் போகாமல் மூடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கரைப்பானுக்கும் போகக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கிறது. பாட்டிலில் பேரே இல்லாதபோது எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று எப்படித் தெரியும்?

இப்போது உடம்பு. பலருக்குத் தெரியாத விஷயங்கள் இங்கேதான்.

எம்.ஈ.கே. தனியாக நரம்பைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஹெக்சேன் கெடுக்கும். உடம்புக்குள் போன ஹெக்சேன் வேறொரு பொருளாக மாறி, கை கால்களுக்குப் போகும் நீண்ட நரம்புகளைத் தாக்குகிறது. முதலில் பாதத்திலும் விரலிலும் மரப்பு, பிறகு பலவீனம். வேலையை நிறுத்தின பிறகும் சில மாதம் அது கூடிக்கொண்டே போகலாம். இரண்டும் சேர்ந்தால் ஹெக்சேனின் விஷத்தை எம்.ஈ.கே. இன்னும் கூட்டிவிடுகிறது. இது வெறும் புத்தக விஷயம் இல்லை. 1999, 2000 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் கார் மெக்கானிக்குகளுக்கு இப்படி நரம்பு பாதித்ததை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2001-இல் பதிவு செய்தது. காரணம், அவர்கள் தினமும் அடித்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயில் இருந்த ஹெக்சேன். நம்ம ஹேங்கர்களிலும் கார் கடையில் வாங்கின பிரேக் கிளீனர்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று டப்பாவின் பின்பக்கத்தை யார் படித்தோம்?

பெயிண்ட் உரிக்கப் பயன்படும் மெத்திலீன் குளோரைடு இன்னொரு ரகம். உள்ளே போனால் உடம்பே அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் வேலை செய்தவர்கள் இதனால் செத்திருக்கிறார்கள். அதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி. சென்னை மே மாத வெயிலை நினைத்துப் பாருங்கள், தகரக் கூரைக்குக் கீழே அந்த டப்பாவைத் திறந்தால் திரவம் நிற்காது, ஆவிதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024-இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்து விதி போட்டது. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் டிரைகுளோரோஎத்திலீனுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் தடை விதி வந்தது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இலேயே முடிவு சொல்லிவிட்டது.

அப்புறம் நம்ம எல்லோருக்கும் செல்லமான அவ்கேஸ். காலையில் டேங்கிலிருந்து சாம்பிள் பிடித்த நீல நிற 100எல்எல் பெட்ரோலை வீணாக்காமல் பாகம் கழுவப் பயன்படுத்துவது. "எல்எல்" என்றால் ஈயம் குறைவு என்று அர்த்தம். எதோடு ஒப்பிட்டுக் குறைவு? பழைய அவ்கேஸோடு. ஒரு லிட்டரில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அது டெட்ரா எதில் ஈயம் என்ற வடிவில் இருக்கிறது, தோல் வழியாகவே உள்ளே போகும். இதில் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸ் திறப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"மோந்து பாரு" என்ற அறிவுரைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மோந்து பார்ப்பது பரிசோதனை இல்லை, அதுவே ஒரு டோஸ்.

இனி எனக்குக் கிடைத்த பதில்கள். கேள்வி கேட்டபோது வந்தவை, அப்படியே தருகிறேன்.

1. "இருபது வருஷமா வெறும் கையாலதான் செய்யறோம் தம்பி, என்ன ஆயிடுச்சு?"

அண்ணே, ஆனவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். விரல் மரத்து ஷிம் பிடிக்க முடியாமல் போனவர் வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பார், சர்க்கரை வியாதி என்று நினைத்திருப்பார். ஹேங்கரில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள்.

2. "சர்டிபிகேட்டோட வர்றது விலை ஜாஸ்தி."

உண்மைதான். ஆனால் ஒரு பயிற்சிப் பள்ளி இதை லாரி கணக்கில் வாங்குவதில்லை, லிட்டர் கணக்கில்தான் வாங்குகிறது. தப்பான பாட்டிலால் போன விண்ட்ஷீல்டின் விலையையும் விமானம் பறக்காமல் நின்ற நாட்களையும் கூட்டிப் பாருங்கள். நாங்கள் கூட்டிப் பார்த்தோம், அதனால்தான் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

3. "மேனுவல் எல்லாம் அமெரிக்காக்காரன் எழுதினது, நம்ம ஊருக்கு ஒத்து வராது."

ஒரு வகையில் சரி, நம்ம ஊருக்கு அதைவிடக் கடுமையாக எழுத வேண்டும். எம்.ஈ.கே., அசிட்டோன், அவ்கேஸ் மூன்றின் ஆவியும் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே தீப்பிடிக்கும். அதாவது நம்ம ஊரில் வருடம் முழுக்க, ராத்திரி பகல் எந்நேரமும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். நாற்பது அடி தள்ளி யாரோ கிரைண்டர் போட்டால் நெருப்பு அங்கிருந்து நம்மைத் தேடி வரும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

4. "ரொம்பப் பயப்படறே, இந்தத் தொழிலுக்கு நீ சரிப்பட மாட்டே."

மனிதக் காரணிகள் பாடத்தில் கார்டன் டூபாண்ட் 1993-இல் தொகுத்த 'டர்ட்டி டஜன்' படித்தோமே, விபத்துக்கு இட்டுச் செல்லும் பன்னிரண்டு காரணங்கள். அதில் ஒன்று 'நார்ம்ஸ்'. புத்தகம் ஒன்று சொல்ல, ஹேங்கர் வழக்கம் வேறொன்றாக இருப்பது. பரீட்சையில் அதற்கு டிக் அடித்து மார்க் வாங்கிய அதே ஆட்கள்தான் ஹேங்கரில் அந்த வழக்கமாகவே மாறி நிற்கிறோம். ஏழாவது மாட்யூலின் முதல் தலைப்பே பணியிடப் பாதுகாப்புதான், கெமிக்கல் உட்பட. முதல் தலைப்பு என்பதால் முதலில் மறந்துவிடுகிறோம் போல.

விமானத்துக்குக் கொடுக்கிற அக்கறையை ஆளுக்குக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலிய விமானப் படையின் எஃப்-111 போர் விமானங்களில் எரிபொருள் டேங்க் ஒழுகும். குயின்ஸ்லாந்தில் உள்ள ஆம்பர்லி தளத்தில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து, ஆட்கள் அந்த டேங்குக்குள் தவழ்ந்து போய்ப் பழைய சீலண்டைக் கெமிக்கல் போட்டு எடுத்துப் புதிதாகப் பூசினார்கள். 2000-இல் வேலை நிறுத்தப்பட்டது. 2001-இல் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. நூற்றுக்கணக்கானவர்களின் உடல்நலம் நீண்ட காலத்துக்குக் கெட்டிருந்தது. பறக்கும் பாதுகாப்பில் அவ்வளவு கறாராக இருந்த ஒரு விமானப் படை, தரையில் வேலை செய்தவர்களின் பாதுகாப்பில் அதே கறாரைக் காட்டவில்லை. நாலு பேர் விண்ட்ஷீல்டைப் பார்த்ததும் ஒருவரும் கையைப் பார்க்காததும் இதன் குட்டி வடிவம், அவ்வளவுதான்.

சரி, திட்டியது போதும். என்ன செய்யலாம்?

வாங்குவது கடையில் ஆரம்பிக்கக் கூடாது, கையேட்டில் ஆரம்பிக்க வேண்டும். கையேடு தரத்தின் எண்ணைச் சொல்லும். எம்.ஈ.கே.-க்கு ஏ.எஸ்.டி.எம். டி740, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு டி.டி.-ஐ-735, பிசுக்கு எடுக்கும் கரைப்பானுக்கு மில்-பி.ஆர்.எஃப்-680. இதில் கடைசியாகச் சொன்னதன் இரண்டாம் வகை 60 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும். பேரிங் கழுவ அவ்கேஸுக்குப் பதில் இது போதும். பாரிமுனைப் பக்கம் கேனில் பிடித்துத் தரும் "நல்ல தின்னர்" என்பது ஒரு பொருளே இல்லை. டொலுயீன், கீட்டோன், ஆல்கஹால் எல்லாம் கலந்த கலவை, இந்த வாரம் ஒரு கலவை, அடுத்த வாரம் வேறு. சீல் உடைக்காத டப்பா, பேட்ச் நம்பர், காலாவதி தேதி, தரச் சான்று, பில், கூடவே பாதுகாப்புத் தரவுத்தாள். தாளில் பதினாறு பகுதிகள் இருக்கும். படிக்க நேரமில்லை என்றால் மூன்றாவது பகுதியை மட்டுமாவது பாருங்கள், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்வது அதுதான். பிறகு எட்டாவது, எந்தக் கையுறை என்று சொல்வது. அசிட்டோன், எம்.ஈ.கே., டொலுயீன் மூன்றும் 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் கடத்தல் தடுப்பு உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருப்பவை. அதனால் "யாருக்கு, எதுக்கு?" என்று கடைக்காரர் கேட்டால் கோபப்படாதீர்கள். எதுவுமே கேட்காமல் ஊற்றித் தருபவரிடம்தான் ஜாக்கிரதை.

வைப்பதற்கும் சட்டம் இருக்கிறது. 23 டிகிரிக்குக் கீழ் தீப்பற்றும் பெட்ரோலியப் பொருளை உரிமம் இல்லாமல், விற்பனைக்கு அல்லாமல், 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டம். எதில் வைக்கலாம் என்றும் சொல்கிறது: கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்குள், உலோகம் என்றால் 25 லிட்டருக்குள். பிடித்து வைத்த அவ்கேஸ் நேராக இதில் வரும். தண்ணி பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. தண்ணி பாட்டிலில் ஊற்றினால் ஒருநாள் யாராவது தாகத்தில் குடிப்பார்கள். தின்னர், அவ்கேஸ் மாதிரி ஒன்றைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். டப்பாவோடு ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பேர் எழுதின டப்பா இருந்தால்தான் டாக்டருக்கும் உதவும்.

கையுறை விஷயத்தில் ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது. எல்லோரும் மாட்டுகிற நீல நைட்ரைல் கையுறை பிசுக்கு எடுக்கும் பெட்ரோலியக் கரைப்பானுக்கு நல்லது. எம்.ஈ.கே.-யும் அசிட்டோனும் சில நிமிடத்தில் அதைத் தாண்டி வந்துவிடும். அவற்றுக்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். அதேபோல் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, ஆர்கானிக் ஆவிக்கான கேட்ரிட்ஜ் வேண்டும். மெத்திலீன் குளோரைடுக்கு அந்தக் கேட்ரிட்ஜும் போதாது, வெளியிலிருந்து காற்று வர வேண்டும். அது முடியாத ஹேங்கரில் அந்த வேலையே வேண்டாம். உலோக டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது இரண்டையும் ஒயரால் இணையுங்கள், ஸ்டாட்டிக் பொறி போதும் பற்றிக்கொள்ள. நனைந்த துணி மூடி போட்ட இரும்புத் தொட்டிக்குள். பழைய கரைப்பான் சாக்கடைக்குப் போகக் கூடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு, அனுமதி பெற்றவர்களிடம்தான் தர வேண்டும். விண்ட்ஷீல்டுக்கு? மென்மையான சோப்பும் தண்ணியும் சுத்தமான துணியும். அவ்வளவுதான்.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பாதிக்கு மேல் செலவே இல்லாத வேலை. ஒரு மார்க்கர், ஒரு ஸ்டிக்கர், கேள்வி கேட்க ஒரு வாய்.

என் தோழனுக்குக் கை சரியாக அஞ்சு மாதத்துக்கு மேல் ஆனது. எந்த டப்பாவால் வந்தது என்று டாக்டர் கேட்டார். அவனால் சொல்ல முடியவில்லை, பாட்டிலில் பேர் இல்லையே. அவர் எழுதிய சீட்டில் "தெரியாத கரைப்பான்" என்றிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் ஜூனியர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள். தம்பிகளா, தங்கச்சிகளா, யாராவது பேர் இல்லாத பாட்டிலைக் கையில் கொடுத்தால் சண்டை போட வேண்டாம். மரியாதையாக, போல்ட்டுக்குக் கேட்கிற அதே குரலில் கேளுங்கள்: "அண்ணே, இதுக்குப் பேப்பர் எங்கே?"

டிஸ்கி: நான் மாணவன், டாக்டரும் இல்லை, லைசென்ஸ் வாங்கின என்ஜினியரும் இன்னும் இல்லை. உங்கள் விமானத்துக்கு உங்கள் கையேடுதான் கடைசி வார்த்தை. திட்ட நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம், ஆனால் முதலில் உங்கள் ஸ்டோர்ஸில் போய் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள் :-)